மேடையில் கேட்ட கேள்வி

மைக் செட்காரர் என்றால் வாயாடியாக இருப்பார் என்று நினைப்பவர்கள் இவரைப் பார்த்ததில்லை. ஊரார் பேச்சையெல்லாம் நாலு தெருவுக்குக் கேட்க வைத்த மனிதர், தாம் பேசியது என்னவோ "ஹலோ, ஹலோ, மைக் டெஸ்டிங்" மட்டும்தான். அதற்கு மேல் அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தை பிடுங்குவது குதிரைக்கொம்பு. கல்யாணமான புதிதிலேயே மனைவி அவருக்கு 'ஊமைச்சாமி' என்று பெயர் வைத்துவிட்டாள். "ஊமைச்சாமி, பசிக்குதுன்னு சொல்லக்கூட உங்களுக்கு ஒரு ஆம்ப்ளிஃபயர் வேணுமா?" என்பாள். வீட்டில், கடையில், வேலைக்குப் போன மண்டபங்களில், எங்கும் அதே பெயர்தான். அவரும் ஒரு நாளும் கோபித்துக்கொண்டதில்லை.

கடையில் பாதி வேலை அவளுடையது. வயரைச் சிக்கில்லாமல் சுருட்டுவாள். ஒவ்வொரு மைக்கையும் விரலால் ரெண்டு தட்டுத் தட்டிப் பார்த்து, "இது செத்துப்போச்சு" என்று ஒதுக்கி வைப்பாள். ஒருநாள் சுருட்டி முடித்த வயரை அவிழ்த்து மறுபடியும் சுருட்டினாள். பொழுது சாயும் வரை அதையே செய்துகொண்டிருந்தாள். டாக்டர் டிமென்ஷியா என்றார். மறதி நோய், மருந்து கிடையாது, பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். எதைப் பார்த்துக்கொள்வது? கொஞ்சம் கொஞ்சமாக எல்லாம் போயிற்று. அந்தப் பெயர் எந்த நாளில் நின்றது என்பதே அவருக்குத் தெரியாது. நின்று வெகுநாள் கழித்துத்தான் காது அதைத் தேட ஆரம்பித்தது. அதற்குள் அவள் அவரைப் பார்த்து, "மீட்டர் பாக்க வந்தீங்களா?" என்று கேட்கத் தொடங்கியிருந்தாள்.

இங்கே அவர் கையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். மிக்ஸர் என்கிற ஒலிப்பெட்டியில் ஒவ்வொரு மைக்குக்கும் சத்தத்தை ஏற்றி இறக்க ஒரு குமிழ் உண்டு. மேடையில் நிகழ்ச்சி நிரலில் இல்லாத சத்தம் எது வந்தாலும், மைக் கூவினாலும், எவனாவது குடித்துவிட்டு வந்து மைக்கைப் பிடுங்கினாலும், அவர் யோசிக்கும் முன்பே கை போய்க் குமிழை இறக்கிவிடும். ஒரு பள்ளி விழாவில் தாளாளரும் தலைமையாசிரியரும் மேடையிலேயே ஒருவரையொருவர் திட்டிக்கொண்டார்கள். கீழே இருந்தவர்களுக்கு ரெண்டு பேர் வாயசைப்பதுதான் தெரிந்தது. "உங்க கை இருக்கிற வரைக்கும் எங்க மானம் கப்பலேறாது" என்று தாளாளர் பிறகு வந்து கும்பிட்டார். அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

வட்டாரத்தில் மறதி நோய் ஆராய்ச்சிக்கு நிதி திரட்டும் சங்கம் ஒன்று இருந்தது. அவர்கள் கூட்டத்துக்கு இவர் மைக் செட் போட்டார். விஷயம் தெரிந்ததும் சங்கச் செயலாளர் அம்மா விடவில்லை. "நாங்க ஆயிரம் சொன்னாலும் ஜனங்க கொட்டாவி விடுறாங்கய்யா. நீங்க ரெண்டு வார்த்தை பேசுங்க. அவங்களையும் கூட்டிட்டு வாங்க" என்றாள். கெட்டவள் இல்லை. அவள் அப்பாவும் இதே நோயில்தான் போனார்.

முதல் கூட்டத்தில் இவருக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. செயலாளர் அம்மா சமாளிப்பதற்காக இன்னொரு மைக்கை அவர் மனைவியிடம் நீட்டி, "அம்மா, இவர் யாருன்னு தெரியுதா?" என்று கேட்டாள். அவள் புருஷனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "தெரியலையே" என்றாள். மண்டபம் மூக்கை உறிஞ்சியது. உண்டியல்கள் நிரம்பின. அவ்வளவுதான், அந்தக் கேள்வி அடுத்த கூட்டத்திலிருந்து நிகழ்ச்சி நிரலில் ஏறிவிட்டது. வரவேற்புரை, டாக்டர் உரை, கேள்வி, நன்றியுரை!

இவரும் தேறிவிட்டார். மனைவி "தெரியலையே" என்றதும் கொஞ்சம் இடைவெளி விட வேண்டும், பிறகு குரலை இறக்கி, "கூட வாழ்ந்தவன் யாருன்னே தெரியலைங்க" என்று சொல்ல வேண்டும் என்பதெல்லாம் பழகிப்போயிற்று. கேள்வி வரும்போது மெல்ல ஒரு புல்லாங்குழலை ஓடவிட்டால் நன்றாக இருக்கும் என்று அவரே கண்டுபிடித்தார். அழுகைக்குப் பின்னணி இசை! மிக்ஸரையும் மேடைக்கே கொண்டுவந்து, கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக்கொண்டார். மூன்று கூட்டம் போனதும் அவள் அவர் முகத்தைப் பார்ப்பதைக்கூட விட்டுவிட்டாள். மைக் வந்தால் "தெரியலையே" என்று தானாக வந்தது.

மகளுக்குப் பொறுக்கவில்லை. "அம்மாவ வச்சு வித்தை காட்டுறீங்களாப்பா?"

"காசு எனக்கா வருது? ஆராய்ச்சிக்குப் போகுது. நாளைக்கே ஒரு மருந்து வந்துட்டா?"

"வந்தா?"

"ஒரே ஒரு தடவை அவ என்னை அந்தப் பேரால கூப்பிட்டா போதும்மா. அதுக்கப்புறம் எல்லாத்தையும் மறந்துட்டுப் போகட்டும்."

அடுத்த கூட்டத்துக்கு மகளே அம்மாவுக்குத் தலைவாரி, நல்ல புடவை கட்டி அனுப்பினாள்.

சங்கத்தின் ஆண்டுக் கூட்டம் பெரிய மண்டபத்தில் நடந்தது. உட்கார இடமில்லாமல் ஜனங்கள் சுவரோரம் நின்றார்கள். அவள் மேடை நாற்காலியில் அமைதியாக உட்கார்ந்து, கீழே கிடந்த வயரையே பார்த்துக்கொண்டிருந்தாள். புல்லாங்குழல் ஆரம்பித்தது. செயலாளர் அம்மா மைக்கை நீட்டினாள்.

"அம்மா, இவர் யாருன்னு தெரியுதா?"

அவள் நிமிர்ந்தாள். புருஷனின் முகத்தைப் பார்த்தாள், பார்த்துக்கொண்டே இருந்தாள். அவள் உதட்டோரம் அந்தப் பழைய கிண்டல் எட்டிப்பார்த்தது.

"ஏன் தெரியாம? ஊமைச்சா..."

கை போய்விட்டது. நிகழ்ச்சி நிரலில் இல்லாத சத்தம்! பாழாய்ப்போன கை, அவரைக் கேட்காமலே போய்க் குமிழை அடிவரை இறக்கிவிட்டது. இன்னொரு கையில் அவருடைய மைக் இருந்தது. இடைவெளி வந்தால் அந்த வாய்க்கு என்ன சொல்ல வேண்டும் என்று தெரியும். சொல்லியும் விட்டது.

"பாத்தீங்களா... கூட வாழ்ந்தவன் யாருன்னே தெரியலைங்க."

அவள் ஏதோ உளறுகிறாள் என்று நினைத்து மண்டபம் முழுக்க விம்மியது. அவளோ இன்னும் பேசிக்கொண்டிருந்தாள். வயரைக் காட்டி ஏதோ சொன்னாள், தன் கழுத்தைத் தொட்டுக் காட்டி ஏதோ சொன்னாள், சிரித்தாள். புல்லாங்குழலிலும் விம்மலிலும் ஒரு எழுத்துக்கூட அவர் காதில் விழவில்லை. என்ன நடந்தது என்று அவருக்கு உறைத்து, குமிழை ஏற்றுவதற்குள், அவள் மைக்கை விரலால் ரெண்டு தட்டுத் தட்டிப் பார்த்தாள். பிறகு அதைச் செயலாளர் அம்மாவிடம் நீட்டிவிட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

கூட்டம் முடிந்ததும் அவர் செயலாளர் அம்மாவை மடக்கினார். "பக்கத்துல நின்னீங்களேம்மா. என்ன சொன்னா? என்னவெல்லாம் சொன்னா?"

"ஐயையோ, நான் கவனிக்கலையேய்யா. அடுத்து யாரைக் கூப்பிடணும்னு பாத்துட்டிருந்தேன்." அவள் முகம் உண்மையிலேயே வாடியது. பிறகு அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "ஆனா இன்னைக்கு மாதிரி வசூல் என்னைக்குமே வந்ததில்லைய்யா. எல்லாம் உங்க புண்ணியம்" என்றாள்.

அந்தப் புண்ணியத்தைத் தூக்கி எங்கே கொட்டுவது? சாமான்களைக்கூட ஏற்றாமல் அவளை வீட்டுக்கு அழைத்து வந்தார். ஒவ்வொரு கூட்டத்தையும் மிக்ஸர் வழியாகப் பதிவு செய்வது அவர் வழக்கம். மகளை உட்காரவைத்துப் போட்டுக் காட்டினார். "ஏன் தெரியாம? ஊமைச்சா..." அப்புறம் புல்லாங்குழல். அதன்மேல் அவருடைய குரல், நிறுத்தி நிதானமாக, கூட வாழ்ந்தவன் யாருன்னே தெரியலைங்க. திரும்பவும் போட்டார். அடைத்த மைக்கில் பேசியது பதிவிலும் இருக்காது என்று அவருக்குத் தெரியாதா? தெரிந்தும் போட்டார்.

"போதும்பா, விடுங்க" என்று மகள்தான் அதை நிறுத்தினாள்.

அவர் எழுந்து மனைவியின் முன்னால் போய்த் தரையில் உட்கார்ந்தார். மைக் இல்லை, இசை இல்லை. கூடத்து மின்விசிறியைக்கூட நிறுத்திவிட்டு வந்திருந்தார்.

"இங்க பாரு. என்னைப் பாரு. நான் யாரு?"

"தெரியலையே" என்றாள் அவள்.

கொஞ்சம் இடைவெளி விட வேண்டும் என்பது அவளுக்கும் பழகியிருந்தது. அவருடைய வரி வருகிறதா என்று பொறுத்துப் பார்த்துவிட்டு, புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, நாற்காலிக் கைப்பிடியைப் பற்றினாள்.

"சொல்லிட்டேன்ல? கீழ எறங்கலாமா?"