பனங்குற்றியில் நடந்த கவசவண்டி

இதை எழுதுவதா விடுவதா என்று பல வருடங்கள் யோசித்துக்கொண்டே இருந்தேன். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவளுக்குக் கவசவண்டியைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்பார்களே என்ற கூச்சம் ஒரு பக்கம். நடந்ததைச் சொன்னால் நான் விட்ட பிழையையும் சொல்ல வேண்டுமே என்ற வெட்கம் மறுபக்கம். ஆனால் போன திருவிழாவில் ஒருவர், அந்த வண்டி தானாகவே நகர்ந்து பிள்ளையாருக்கு வழி விட்டது என்று என் காதுபடச் சொன்னார். பிள்ளையார் துணை நின்றது உண்மை. ஆனால் அது தானாக நகரவில்லை. என் தோளைக் கேட்டால் தெரியும்.

எங்கள் ஊர் மருதனார்மடத்துக்கு வடக்கே இருக்கிறது. இடம்பெயர்ந்து உரும்பிராயில் இரவல் காணியில் பல வருடம் இருந்துவிட்டு, இராணுவம் எங்கள் காணிகளை விட்டதும் நானும் என் கணவரும் திரும்பி வந்தோம். கோயில் கூரையில்லாமல் நின்றது. அதன் வடக்கு வீதியின் நடுவே ஒரு கவசவண்டி. சுடுகிற துவக்கு இருந்த இடத்தில் வெறும் ஓட்டை. உருள வேண்டிய நாலு சில்லும் ஒரு முழம் செம்மண்ணுக்குள். கண்ணிவெடி அகற்றுகிறவர்கள் சோதித்து, ஆபத்தில்லை என்று அடையாளம் போட்டிருந்தார்கள். எடுத்துப் போக வருகிறோம் என்றவர்கள் வரவே இல்லை. கோயிலைக் கட்டி, புதுத் தேரும் செய்து முடித்த பிறகுதான், வண்டியைப் பக்கத்து வெறுங்காணிக்குள் ஒதுக்கலாம் என்று கிராம அலுவலரின் கடிதம் கிடைத்தது. அப்போது தேருக்கு ஐந்து நாள்.

தேர் நாலு வீதியும் சுற்றித்தான் இருப்பிடத்துக்கு வர வேண்டும். பாதியில் திருப்பக் கூடாது. எனக்கு இன்னொன்றும் இருந்தது. ஊரை விட்டு ஓடிய நாளில் நாங்கள் அந்த வடக்கு வீதியால்தான் ஓடினோம். ஓடும்போதே, “பிள்ளையாரே, இதே வீதியில் உன் வடம் பிடிப்பேன்” என்று நேர்ந்திருந்தேன். வேறு வீதியில் பிடித்தால் அந்த நேர்த்தி தீராது.

சண்டைக் காலத்தில் இரண்டு வகை வண்டியையும் வேலிக்குள்ளால் பார்த்திருக்கிறேன். சில்லு வைத்த கவசவண்டி தார் றோட்டில் கார் போல வரும். சத்தம் குறைவு, கண்டபோது வாசலில் நிற்கும். அதுதான் அதன் பலம். ஆனால் மாரி பிடித்தால் தோட்டப் பக்கம் தலை காட்டாது. சங்கிலி போட்ட சின்ன டாங்கி அப்படியில்லை. அது வெகு தூரத்தில் வரும்போதே அடுப்படியில் சட்டிகள் ஆடும். பதுங்குகுழிக்குள் இறங்க நேரம் கிடைக்கும். கிளுவை வேலி, வரம்பு, ஈர மண் எதையும் பாராமல் ஏறிப் போகும். ஆனால் ஒரு தடவை எங்கள் மதகடிக் கல்லில் அதன் சங்கிலி கழன்றது. பிறகு அன்று முழுக்க அது செத்த மாடு போலக் கிடந்தது.

இவ்வளவு கண்டவள்தான் பிழை விட்டேன்.

முதல் நாள் வாகனம் திருத்தும் கராச் வைத்திருக்கும் அண்ணை ஒருவர் வந்து பிறேக்கைக் கழற்றி, சில்லுகளுக்கு எண்ணெய் விட்டு, உழவு இயந்திரத்தில் கட்டி இழுத்தார். அசையவில்லை. காய்ந்த செம்மண் சில்லைக் கவ்விப் பிடித்திருந்தது. எனக்கு உடனே மரவள்ளித் தோட்டம்தான் ஞாபகம் வந்தது. கிழங்கு பிடுங்க முதல் தண்ணீர் விட்டு மண்ணை இளக்குவது எங்கள் வழக்கம்.

“அண்ணை, சுத்திவரத் தண்ணி விடுவம். நாளைக்கு இலேசா வரும்” என்றேன்.

எல்லோரும் தோட்டக்காரர். ஒருவருக்கும் மறுத்துச் சொல்லத் தோன்றவில்லை. பொழுது சாயும்வரை கோயில் கிணற்றிலிருந்து இறைத்தோம். விடியப் போய்ப் பார்த்தால் வண்டி வயிறு மண்ணில் முட்ட இறங்கியிருந்தது. இழுக்கப் போன உழவு இயந்திரமும் புதைந்தது.

என் கணவர் தலையில் கை வைத்தார். “நீ தண்ணி விடச் சொன்னாய். இப்ப அது வேர் விட்டிட்டுது.”

“பசளையும் போட்டால் குட்டி போடும்” என்றது கூட்டத்தில் ஒரு குரல். எல்லோரும் சிரித்தார்கள். நான் கோயில் கேணியடிக்குப் போய் அழுதேன். என் நேர்த்திக்கு நானே தடை போட்டுவிட்டேனே!

கராச் அண்ணை பின்னால் வந்தார். “தங்கச்சி, அழாதை. உந்த வண்டியின்ரை குறையே அதுதான். அவ்வளவு பாரமும் நாலு சில்லு படுற இடத்திலை நிக்குது. மண் இளகினால் கத்தி மாதிரி இறங்கும்.”

“டாங்கி எண்டால்?”

“டாங்கி தன்ரை றோட்டைத் தானே விரிச்சுக்கொண்டெல்லோ போகும்.”

நான் முகத்தைத் துடைத்தேன். “அப்ப உதுக்கு நாங்கள் விரிப்பம் அண்ணை.”

ஷெல்லடியில் தலை போன பனைகள் காணியெல்லாம் கிடந்தன. இரண்டு நாளாக அவற்றைக் குற்றிகளாகத் தறித்தோம். பலகை போட்டு அதன்மேல் ஜாக்கி வைத்து வண்டியைத் தூக்கி, சில்லுகளின் கீழே குற்றிகளை நெருக்கி அடுக்கினோம். உழவு இயந்திரத்தை ஒருபடியாக மீட்டு ஓரம் கட்டியிருந்தோம்; இனிக் கையால்தான் இழுக்க வேண்டும். தேர் வடத்தை இதற்குத் தொடக் கூடாது என்பதால் கயிறில்லை. எங்கள் ஊருக்கு மீன் கொண்டுவரும் குருநகர் அண்ணை கேள்விப்பட்டு, கரைவலைக் கயிறும் ஆட்களுமாக நாலாம் நாள் காலையில் வந்து இறங்கினார். கழுத்தில் செபமாலை.

வண்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, “பெரிய திருக்கைதான் அக்கா. ஆனால் கறிக்கு உதவாது” என்றார்.

ஐயர் வந்து வண்டியின் முன்னால் ஒரு தேங்காய் உடைத்தார்.

“உதுக்கு ஏன் ஐயா தேங்காய்?” என்று என் கணவர் கேட்டார்.

“இனி இது சண்டைக்குப் போகாது. அதுக்கு.”

ஆண்கள் கயிற்றைப் பிடித்தார்கள். “அரோகரா!” என்று நாங்கள் கத்த, “ஏலேலோ!” என்று குருநகர்க்காரர் கத்த, வண்டி முனகிக்கொண்டு ஒரு சாண் நகர்ந்தது. பிறகு ஒரு முழம். பின்சில்லு விட்டுப் போன குற்றியைப் பெண்கள் நாங்கள் தூக்கி ஓடிப் போய் முன்சில்லின் முன்னால் போட்டோம். பின்னாலிருந்து முன்னால், திரும்பவும் பின்னாலிருந்து முன்னால்.

கராச் அண்ணை வாயெல்லாம் பல்லாக நின்றார். “பார் தங்கச்சி, நீங்கள்தான் இப்ப சங்கிலி!”

“கழலாத சங்கிலி அண்ணை!” என்று நான் திருப்பிக் கத்தினேன்.

திருப்ப வேண்டிய இடத்தில், தேருக்குப் போடுவதுபோலச் சில்லில் முட்டுக்கட்டை கொடுத்தார் என் கணவர். வண்டி சொன்ன சொல் கேட்டுத் திரும்பியது. மத்தியானப் பூசை மணி அடித்தபோது வடக்கு வீதி வெறுமையாகக் கிடந்தது. பள்ளங்களைக் கல்லும் மண்ணும் போட்டு இறுக்கினோம்.

மறுநாள் தேர் கிழக்கு வீதியில் புறப்பட்டு, தெற்கும் மேற்கும் சுற்றி வடக்கே திரும்பியது. பெண்கள் வடத்தை நான் இரண்டு கையாலும் பிடித்தேன். தோள் புண்ணாய் நொந்தது. நான் சிரித்துக்கொண்டே இழுத்தேன். வேலிக்கு அப்பால் கவசவண்டி கிடந்தது. யாரோ அதன் மூக்கில் திருநீறு பூசியிருந்தார்கள். தேர்ச்சில்லு ஓரிடத்திலும் புதையவில்லை. நான் ஓடிப்போன வீதியால் என் பிள்ளையார் ஆடி ஆடி வந்தார்.

இதைப் படிக்கிறவர்களே, மற்றவர்களுக்குச் சொல்லும்போது கூட்டாமல் குறைக்காமல் இப்படியே சொல்லுங்கள். வண்டி பறந்தது என்று சொல்லாதீர்கள். நான் தண்ணீர் விடச் சொன்னதை மறைக்காதீர்கள். செபமாலை போட்டவர் கொண்டுவந்த கயிற்றையும், குற்றி சுமந்த பெண்களையும் விட்டுவிடாதீர்கள். பிள்ளையார் எங்கள் கைகளால் செய்ததை எங்கள் கைகளோடு சேர்த்தே சொல்லுங்கள்.