தோட்டா பிரஸ்ஸுக்கு மேசை போட்ட மூன்று நாள்

1. பிரஸ் தெரிந்தவன்

தொண்ணூறுகளின் நடுவில், ஒரு ஆகஸ்ட் மாதச் செவ்வாய்க்கிழமை காலை. ஷார்ஜா தொழில்பேட்டையில் ஒரு மரவேலை கம்பெனியில் நான் சேர்ந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. விசாவில் கார்பெண்டர் என்று இருந்தாலும், அதுவரை நான் பார்த்தது சைட்டில் கான்கிரீட் ஊற்ற அடைக்கும் ஷட்டரிங் பலகை சுமக்கும் வேலைதான். அந்த மாதத்தில் பலகையைக் கையுறை இல்லாமல் தொட்டால் தோல் அதோடு போய்விடும்.

ஃபோர்மேன் காதர் பாய் கீழக்கரைக்காரர். குரல் பெரிது, கோபம் சிறிது. அன்று வண்டிகள் கிளம்பும் முன் ஒரு துண்டுச் சீட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"பிரஸ் மெஷின் மேசையில செட் பண்ணத் தெரிஞ்ச ஆள் யாருப்பா இருக்கீங்க? ரூம் வேலை. ஏசி இருக்காம்."

ஏசி என்ற சொல் காதில் விழுந்ததும் என் கை தானாக மேலே போய்விட்டது. பொய்யும் இல்லை. கல்ஃபுக்கு வருவதற்கு முன் ஓர் அச்சகத்தில் மூன்று வருடம் வேலை பார்த்தவன் நான். எழுத்துக் கோப்பேன், மெஷின் ஓட்டுவேன், மெஷின் நகர்ந்தால் அடியில் கட்டை கொடுத்து நிறுத்துவேன். கல்யாணப் பத்திரிகையும் காதுகுத்துப் பத்திரிகையும் அடித்த கை இது.

"என்ன பிரஸ் பண்ணியிருக்கே?"

"ட்ரெடில், பாய்."

காலால் மிதித்து ஓட்டும் அச்சு மெஷின் அது என்று அவருக்குத் தெரியவில்லை. தெரிந்த மாதிரித் தலையை ஆட்டினார். "சரி, ஏறு."

2. காகிதம் எங்கே?

பிக்கப் ஊரைத் தாண்டி மணல்மேட்டுப் பக்கம் போனபோது, இவ்வளவு தூரத்தில் யார் அச்சகம் வைப்பார்கள் என்று ஒரு நிமிடம் யோசித்தேன். டிரைவர் என்னை இறக்கிவிட்ட இடம் ஒரு துப்பாக்கி சுடும் கிளப். அனுமதியோடு நடக்கும் இடம். வானத்தில் வீசிய மண் தட்டைச் சுட்டு உடைக்கும் விளையாட்டு அங்கே நடக்கும்.

துப்பாக்கி அறைக்குப் பொறுப்பாளர் கான் சாகிப். பாகிஸ்தான் ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றவர். ஐந்தடி உயரம், மீசை மட்டும் ஆறடி ஆளுக்கு உரியது. அவர் உருது கலந்த இந்தியில் பேசினார். என் அரைகுறை இந்திக்குப் புரிந்தபடி இங்கே எழுதுகிறேன்.

அறையில் உண்மையிலேயே ஏசி இருந்தது. அந்த சுகத்தில் நான் அட்டைப்பெட்டியைப் பிரித்தேன். உள்ளே நீண்ட கைப்பிடியோடு ஒரு இரும்புச் சாதனம், இரண்டு பிளாஸ்டிக் புட்டிகள், ஒரு இங்கிலீஷ் புத்தகம்.

"காகிதம் எங்கே வைப்பீங்க?" என்று கேட்டேன்.

"காகிதமா? எதுக்கு?" என்றவர், மேசை இழுப்பறையிலிருந்து சிவப்பு நிறக் காலித் தோட்டாக்களை ஒரு கை அள்ளி என் முன்னால் கொட்டினார். "ஒரு தடவை சுட்டது. அடியில இருக்கிற பழைய வெடி கேப்பைத் தட்டி எடுத்து, புது கேப் வச்சு, மருந்து, ஈய ரவை எல்லாம் போட்டு, வாயை மடிச்சு மூடணும். அதைப் பண்ற பிரஸ் இது."

எனக்குச் சிரிப்பு வந்தது. பயத்தில் வரும் சிரிப்பு அது. அடக்க அடக்கக் கூடியது. கான் சாகிப் என்னை வேலையில் சந்தோஷப்படும் ஆள் என்று நினைத்துக்கொண்டு தோளில் தட்டினார்.

விஷயம் இதுதான். கிளப்பின் உரிமையாளரை எல்லாரும் அர்பாப் என்பார்கள், முதலாளி என்று பொருள். அவர் தோஹாவிலிருந்து சில விருந்தாளிகளை வெள்ளிக்கிழமைப் போட்டிக்கு அழைத்திருந்தார். வரவேண்டிய தோட்டாப் பெட்டிகள் ஏதோ ஒரு தாள் குறைவதால் துறைமுகத்தில் நின்றுவிட்டன. கையில் மருந்தும் ரவையும் இருக்கின்றன, காலித் தோட்டா மூட்டை மூட்டையாக இருக்கிறது. பிரஸ் மேசையில் ஏறி ஓடினால் போட்டி நடக்கும். இல்லாவிட்டால் அர்பாபின் சொல் போகும். அவர் சொல் போனால் கிளப்பின் லாக்கர் ரூம் காண்ட்ராக்ட் எங்கள் கம்பெனியை விட்டுப் போகும். அது போனால் நான் மறுபடி ஷட்டரிங்.

"எனக்கு இது தெரியாது" என்று அப்போதே சொல்லியிருக்கலாம். ஏசி சொல்லவிடவில்லை.

3. மேசை நடந்தது

அறையில் பளபளப்பான ஆபீஸ் மேசை ஒன்று இருந்தது. மரத்தூள் பலகை, மேலே மைக்கா. அதன் நடுவில் பிரஸ்ஸை வைத்து நான்கு மர ஸ்க்ரூ முறுக்கினேன். பார்க்க அழகாக இருந்தது. வெடிமருந்துப் புட்டியைக் கான் சாகிப் பூட்டியே வைத்திருந்தார். அதற்காக இன்றும் அவருக்கு நன்றி. ஓட்டம் பார்க்க ரவைப் புட்டியை மட்டும் நிரப்பி மாட்டினார்.

கைப்பிடியைக் கீழே இழுத்தேன். மேசையின் பின்கால் இரண்டும் எழுந்தன. மேலே விட்டேன். டக் என்று உட்கார்ந்தன. இன்னொரு முறை இழுத்தேன். மேசை ஒரு சாண் முன்னால் வந்தது.

"நடக்குது," என்றார் கான் சாகிப்.

"புது மெஷின் இல்லையா, பழகணும்," என்றேன்.

மூன்றாவது இழுப்பில் ஸ்க்ரூ நான்கும் பலகையைப் பிய்த்துக்கொண்டு வந்தன. பிரஸ் என் மார்பில் சாய்ந்தது. நான் அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். ரவைப் புட்டி மட்டும் தரையில் விழுந்து வாய் திறந்தது. கடுகு கொட்டினது போல அறை முழுக்க ஈய ரவை. கான் சாகிப் புட்டியைப் பிடிக்க ஓர் அடி வைத்தார். அடுத்த நொடி அவர் தரையில் உட்கார்ந்திருந்தார்.

அந்த நேரம் பார்த்து கதவு திறந்தது. வெள்ளைக் கந்தூரா அங்கி, தோல் செருப்பு. அர்பாப் உள்ளே கால் வைத்தார். கால் அவரை விட்டுவிட்டு முன்னால் போனது. கதவுப் பிடியைப் பற்றிக்கொண்டு, அது திறந்தபடி சுற்ற, அவரும் அதோடு அரைவட்டம் சுற்றி மறுபடி வெளியே போய் நின்றார்.

என் விசா கண் முன்னால் வந்து போனது.

அர்பாப் தலையை மட்டும் நீட்டி என்னைக் காட்டிக் கேட்டார். "இதுதான் இன்ஜினியரா?"

"மாஃபி இன்ஜினியர், அர்பாப்," என்றேன். இல்லை என்பதற்கு எனக்குத் தெரிந்த ஒரே அரபுச் சொல் அது.

அவர் சிரிக்க ஆரம்பித்தார். கதவைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தார். தரையில் உட்கார்ந்தபடி கான் சாகிப் சிரித்தார். பிரஸ்ஸைக் குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு நானும் சிரித்தேன். "வெள்ளிக்கிழமை," என்று விரலைக் காட்டிவிட்டு அவர் போய்விட்டார்.

ரவையைப் பொறுக்க நான் ஓடிப்போய் காந்தம் எடுத்து வந்தேன். ஒன்றுகூட ஒட்டவில்லை. "ஈயம்டா அது," என்று கான் சாகிப் மறுபடி தரையில் சாய்ந்து சிரித்தார்.

இதற்கு மேல் மறைக்க முடியாது என்று சொல்லிவிட்டேன். "சாகிப், எனக்குத் தெரிஞ்சது எழுத்தடிக்கிற பிரஸ். கல்யாணப் பத்திரிகை."

அவர் சிரிப்பை நிறுத்தினார். கதவுப் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "எனக்கு கையால ஒவ்வொண்ணா அடைக்கத் தெரியும். இந்த மெஷினை நான் பார்த்ததே இல்லை. எல்லாம் தெரியும்னு அர்பாபிடம் சொல்லிட்டேன். புத்தகம் இங்கிலீஷ். எனக்குப் படிக்க வராது."

எனக்கு இங்கிலீஷ் பேச வராது. ஆனால் இங்கிலீஷ் பத்திரிகைக்கு எழுத்துக் கோத்தவன், எழுத்தை வலமிருந்து இடமாகக்கூடப் படிப்பேன். புத்தகத்தை எடுத்துக்கொண்டு இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்தோம். நான் எழுத்துக் கூட்டிச் சொல்ல, படத்தைப் பார்த்து அவர் அர்த்தம் கண்டுபிடித்தார். வேலை அப்போதுதான் ஆரம்பமானது.

4. சுலைமானி சோதனை

புத்தகம் சொன்னதைவிட நடந்த மேசை அதிகம் சொல்லியிருந்தது. புதன்கிழமை காலை காதர் பாயிடம் போனேன்.

"பாய், நாலுக்கு நாலு கட்டை நாலு கால். மரீன் ப்ளை ரெண்டு தாள். ஆங்கர் போல்ட். ஆறு சிமென்ட் பிளாக்."

"பிரஸ்ஸுக்கு மேசை கேட்டா வீடு கட்டப் போறியா?"

நடந்ததைச் சொன்னேன். அர்பாப் கதவோடு சுற்றின இடத்தில் காதர் பாய் தலைத்தொப்பியைக் கழற்றி முகத்தை மூடிக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது. "எடுத்துக்க. நானும் வர்றேன். இனிமே நடக்கிறதை நான் நேர்ல பார்க்கணும்."

இரண்டு ப்ளையையும் பசை போட்டு ஒட்டி ஒரே பலகையாக்கினோம். பிரஸ் நிற்கும் இடம் மேசையின் நடுவில் இல்லை. முன்விளிம்பில், சரியாக ஒரு காலுக்கு மேலே. அப்போது இழுக்கிற பாரம் பலகைக்குப் போகாது, கால் வழியாகத் தரைக்குப் போகும். விளிம்போடு ஒட்டி வைத்தால்தான் கைப்பிடி கீழே வரும்போது பலகையில் இடிக்காது. ஸ்க்ரூவுக்குப் பதிலாக பலகையைத் துளைத்து மறுபக்கம் வரும் நட்டு போல்ட், அடியில் ஓர் இரும்புத் தகடு.

முழுசாக முறுக்கி முடிப்பதற்கு முன் கான் சாகிபை இழுத்துப் பார்க்கச் சொன்னேன். உயரம் என் அளவுக்கு எடுத்திருந்தேன். அவர் எம்பிப் பிடித்து, கைப்பிடியில் தொங்கினார். கால் தரையில் படவில்லை.

"ஊஞ்சல் நல்லா இருக்கு," என்றார் காதர் பாய்.

நான்கு காலிலும் ஐந்து அங்குலம் அறுத்தோம். பின்பக்கத்தை ஆங்கர் போட்டுச் சுவரோடு பிடித்தோம். கீழ்த்தட்டில் சிமென்ட் பிளாக் அடுக்கினோம். ரசமட்டம் வைத்துச் சரிபார்த்தோம்.

கான் சாகிப் மட்டும் இன்னும் திருப்திப்படவில்லை. "மேசை ஆடினா மருந்து அளவு ஆடும். மருந்து கூடினா சுடுறவன் முகம் போயிடும். ஆடலைன்னு எனக்குக் காட்டு."

காதர் பாய் தன் கையில் இருந்த சுலைமானியை, பால் இல்லாத அந்தத் தேநீரை, கிளாஸ் விளிம்பு வரை ஊற்றி பிரஸ்ஸுக்குப் பக்கத்தில் வைத்தார். கான் சாகிப் இழுத்தார். விட்டார். இருபது முறை. மூன்று பேரும் கிளாஸைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு சொட்டு வெளியே வரவில்லை.

"கலாஸ்," முடிந்தது என்று அரபியில் சொல்லி காதர் பாய் அதைக் குடித்துவிட்டார்.

5. எந்தக் கம்பெனித் தோட்டா?

வியாழக்கிழமை முழுவதும் கான் சாகிப் தோட்டா அடைத்தார். மருந்துப் பக்கம் என்னை அண்டவிடவில்லை. அளவைத் தராசில் மறுபடி மறுபடி நிறுத்தார். அவர் மூடித் தந்ததைப் பெட்டியில் அடுக்குவது என் வேலை. அச்சகத்தில் எழுத்து அடுக்கிய வேகம் கைக்குத் திரும்பி வந்திருந்தது.

வெள்ளிக்கிழமை பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பிறகு போட்டி. முதல் தோட்டாவைக் கான் சாகிபே சுட்டுப் பார்த்தார். அடுத்தது அர்பாப். துப்பாக்கியைத் தோளில் வைத்தபோது நான் கண்ணையும் காதையும் ஒன்றாக மூட முயன்றேன். இரண்டு கைதானே இருக்கிறது. காதை மூடினேன். ஆரஞ்சு நிறத் தட்டு வானத்தில் பொடியாகி உதிர்ந்தது. அர்பாபின் முகம் முழுசாக இருந்தது. காதர் பாய் என் முதுகில் அறைந்த அறை துப்பாக்கிச் சத்தத்தைவிடப் பெரிது.

பாதி ஆட்டத்தில் தோஹாக்காரர் ஒருவர் வந்து, நன்றாக அடிக்கிறதே, எந்தக் கம்பெனித் தோட்டா என்று அர்பாபிடம் கேட்டார். அர்பாப் திரும்பி என்னைப் பார்த்தார். "உன் ஊர் பேர் என்ன?"

"சிவகங்கை."

"சிவகங்கா," என்றார் அர்பாப் அவரிடம், முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லாமல். அந்த மனிதர் சட்டைப் பையிலிருந்து பேனா எடுத்து எழுதிக்கொண்டார். நானும் காதர் பாயும் வண்டிக்குப் பின்னால் ஓடிப்போய்ச் சிரித்துவிட்டு வந்தோம்.

லாக்கர் ரூம் வேலை எங்களுக்கே வந்தது. நான் ஷட்டரிங்குக்குத் திரும்பவில்லை. அடுத்த பதினெட்டு வருடம் ஒர்க்‌ஷாப் மேசைகள்தான் என் வேலை. இரும்பைக் கவ்வும் வைஸ், டிரில்லிங் மெஷின், பலவிதமான பிரஸ். எங்கேயும் போல்ட்டை முறுக்குவதற்கு முன், அதை ஓட்டப்போகிறவரைக் கூப்பிட்டு இழுக்கச் சொல்லிவிடுவேன்.

இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். புது இடத்துக்குப் போனால் முதல் பத்து நிமிடத்தில் எனக்கு என்னென்ன தெரியாது என்று வாய்விட்டுச் சொல்லிவிடுவது என் வழக்கம். கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கும். ஆனால் பாதி இடங்களில் எதிரில் நிற்பவர் கதவுப் பக்கம் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "அது எனக்கும் தெரியாதுங்க" என்பார். உடனே இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து புத்தகத்தைப் பிரித்துவிடலாம்.