ஓரத்தில் நிற்பவர்

எங்கள் புகைப்படக் குழுவில் படம் பார்ப்பதற்கென்று ஒரு முறை உண்டு. புதிதாக யாராவது எட்டிப் பார்த்தால் சிரித்துவிடுவார்கள். பத்துப் பன்னிரண்டு பேர் பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்து, ஆளுக்கொரு கண்ணை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு, மேசைமேல் நிறுத்திய ஒரே படத்தை முறைத்துக்கொண்டிருப்போம். கேமராவுக்கு ஒரு கண்தான், ஆகவே நாமும் ஒரு கண்ணால்தான் பார்க்க வேண்டும் என்பது தலைவர் போட்ட சட்டம். அந்தக் கண்ணும் படத்தின் நடுவிலேயே நிற்க வேண்டும், அங்கே இங்கே மேயக்கூடாது. முதல் பார்வையில் என்ன தெரிகிறதோ அதுதான் படம் என்பார் அவர்.

தலைவர் பட்டாபிராமில் ஒரு தேவாலயத்தில் கீபோர்டு வாசிப்பவர். அதன் பின்புறமுள்ள ஞாயிறு பள்ளி அறையை மாலையில் எங்களுக்கு வாங்கித் தந்திருந்தார். பக்கத்து அறையில் பாடகர் குழு பயிற்சி எடுத்துக்கொண்டிருக்கும். ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பாடுவார்கள். கண்ணைப் பொத்திக்கொண்டு அந்த ஒற்றை வரியைக் கேட்டால் எனக்கு எப்போதும் முதுகில் ஒரு சில்லிப்பு ஓடும்.

இன்னொரு சட்டமும் இருந்தது. கேமராவின் பின்திரைமேல் கறுப்பு டேப் ஒட்டிவிட வேண்டும், எடுத்ததை உடனே பார்த்துவிடக் கூடாது. அம்பத்தூரில் ஒரு கடையில் கார்டைக் கொடுத்தால் படங்களைப் பெரிதாகப் போட்டு, கவரில் வைத்து ஒட்டித் தருவார்கள். அந்தக் கவரைக் கூட்டத்தில்தான் பிரிக்க வேண்டும். எடுத்தவனும் மற்றவர்களோடு சேர்ந்துதான் தன் படத்தை முதல்முறை பார்ப்பான். பார்த்ததும் முதலில் ஒரு நல்ல வார்த்தை சொல்ல வேண்டும், பிறகுதான் குறை. எடுத்தவன் வாயைத் திறக்கவே கூடாது.

எனக்கு அந்த ‘நல்ல வார்த்தை’ச் சட்டம் மட்டும்தான் கஷ்டம். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்ன கம்பெனியில், தயாராகி வரும் உதிரி பாகங்களைப் பார்த்து, தேறாததை ஒதுக்கித் தள்ளுவது என் வேலை. நாள் முழுக்கக் குறை கண்டுபிடித்துச் சோறு தின்பவன் ஞாயிற்றுக்கிழமை மட்டும் தேன் தடவிப் பேசுவானா? மற்றவர்கள் நல்ல வார்த்தையைத் தேடி இழுத்துக்கொண்டிருக்கும்போதே நான் போட்டு உடைத்துவிடுவேன். என் வாயில் அடிக்கடி வந்தது ஒன்றுதான்: ‘இடது பக்கம் சும்மா கிடக்கு, வெட்டிடுங்க.’

வெட்டினார்கள். எனக்கு அதனால் குழுவில் ‘கத்திரி’ என்றே பேர். உள்ளுக்குள் எனக்கு அதில் பெருமைதான், ஏன் மறைக்க வேண்டும்.

என் படங்களைப் பற்றியும் நல்லபடியாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ‘ஓரத்துல ஒரு நிம்மதியின்மையை வெச்சிருக்கீங்க, நல்லாருக்கு’ என்றார் தலைவர் ஒருமுறை. ‘துணிச்சல் சார்’ என்றார் வேலப்பன்சாவடி கல்லூரியில் வாத்தியாராக இருக்கும் ஒருவர். எதைச் சொல்கிறார்கள் என்று எனக்குப் புரியவில்லை. எடுத்தவன் வாயைத் திறக்கக் கூடாதே, கேட்கவும் முடியவில்லை. ஏதோ நம்மை அறியாமல் நமக்குள் ஒரு கலைஞன் இருக்கிறான் போலிருக்கிறது என்று மகிழ்ந்துகொண்டே படத்தைக் கவரில் போட்டு, வீட்டுக்குப் போனதும் பீரோ மேல் தூக்கி வைத்துவிடுவேன். புத்தி அடுத்த படத்துக்குப் போய்விடும்.

வெளியே படம் எடுக்கும்போது மட்டும் ஒரு எரிச்சல் இருந்தது. கேமராவைக் கண்ணிலிருந்து இறக்கினால் இடது பக்கத்தில் யாராவது நிற்பார்கள். நடைமேடை காலியாக இருக்கிறது என்று பார்த்துத்தான் எடுத்திருப்பேன், இறக்கினால் பக்கத்தில் ஒருவர் தரையிலிருந்து முளைத்த மாதிரி நிற்பார். ‘எங்கிருந்துய்யா வந்தே?’ என்று ஒருவரிடம் சண்டைக்கே போயிருக்கிறேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, ‘நான் அப்போ புடிச்சு இங்கதானே நிக்கிறேன்’ என்றார். பொய் சொல்கிறான் என்று நினைத்தேன்.

அப்போதுதான் குழுவில் புதிதாக ஒரு பெண் வந்து சேர்ந்தாள். நெமிலிச்சேரியில் பழைய விவசாயக் குடும்பம், அவளுக்கு வேலை ஆவடியில் ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில். எங்கள் சட்டதிட்டம் எதுவும் இன்னும் அவளுக்குப் பழகவில்லை. அவளுடைய இரண்டாவது கூட்டத்தில் என் படத்தை மேசைமேல் வைத்தார்கள். எல்லோரும் கண்ணைப் பொத்தினோம். நான் வழக்கம்போல இடது கண்ணைப் பொத்திக்கொண்டேன். கேமராவில் நான் பார்ப்பது வலது கண்ணால்தான். படத்தில் ரயில்வே சுவரும், அதன்மேல் சாயங்கால வெயிலும், நடுவில் ஒரு பூட்டிய கதவும் இருந்தன. நன்றாக வந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அவள் கண்ணையே பொத்தவில்லை.

“யாரு சார் இந்த ஆளு?” என்றாள். “போன தபாவும் வந்தாரு. சுவத்தாண்ட பாதி ஒடம்போட நிக்கிறாரே, அவருதான்.”

“எந்த ஆளும்மா?” என்றேன், சட்டத்தை மறந்து.

எழுந்து வந்து படத்தின் இடது ஓரத்தில் விரலை வைத்தாள். நான் அந்த விரலைப் பார்த்தேன். விரலுக்குப் பக்கத்தில் ஒரு ஆள் நின்றுகொண்டிருந்தார். வெளிர் சட்டை, ஒரு தோள், பாதி முகம். மீதியைப் படத்தின் விளிம்பு வெட்டியிருந்தது. அவர் கேமராவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு நொடிக்கு முன்னால் அங்கே சுவர் மட்டும்தான் இருந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், சுவர்தான் இருந்தது.

“அது அவரோட ஸ்டைலும்மா” என்றார் தலைவர் மெதுவாக. “ரொம்ப நாளா அப்படித்தான் எடுக்கிறார்.”

“ஸ்டைலா? எனக்கு இன்னாமோ தப்பா கீது சார். இவருக்கே தெர்ல பாருங்க” என்றாள் அவள்.

பக்கத்து அறையில் பாட்டு ஓடிக்கொண்டே இருந்தது. நான் படத்தைக் கவரில் போட்டுக்கொண்டு யாரிடமும் சொல்லாமல் கிளம்பிவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் பீரோ மேலிருந்த கவர்களை எல்லாம் இறக்கிச் சாப்பாட்டு மேசையில் பரப்பினேன். அவர் எல்லாவற்றிலும் இருந்தார். ஆவடி சந்தைப் படத்தில் இருந்தார். பூந்தமல்லி பஸ் நிலையத்தில் இருந்தார். ஏரிக்கரையில், மனித நடமாட்டமே இல்லை என்று நான் நினைத்து எடுத்த படத்தில், சைக்கிளைப் பிடித்துக்கொண்டு இருந்தார். ஒரே ஆள் இல்லை, அது எனக்குத் தெரிந்தது. ஒன்றில் மீசை, ஒன்றில் கண்ணாடி, ஒன்றில் புடவைத் தலைப்பு. ஆனாலும் எல்லோரும் இடது ஓரத்தில், பாதியாக, என்னைப் பார்த்துக்கொண்டு நின்றதில் ஒரே ஆள் மாதிரிதான் இருந்தார்கள். படங்களை ஒவ்வொன்றாகக் கவிழ்த்து வைத்தேன். பயம்தான், வேறென்ன.

ஒரு படத்தைத் தண்ணீர்க் குடத்தில் சாய்த்து வைத்து, இடது கண்ணைப் பொத்திக்கொண்டு நடுவில் பார்த்தேன். ஆள் இல்லை. கையை எடுத்தேன். இருந்தார். மறுபடி பொத்தினேன். அவர் நின்ற இடத்தில் கறுப்பாகவோ ஓட்டையாகவோ எதுவும் இல்லை. சுவர் இருந்தது. வெயில்கூடச் சரியாக விழுந்திருந்தது. நேராக அந்த ஓரத்தையே உற்றுப் பார்த்தால் வருவார், பார்வையை நடுவுக்குக் கொண்டுவந்தால் சுவருக்குள் போய்விடுவார்.

சமையலறையிலிருந்து வந்த என் மனைவி, கண்ணைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தவனைப் பார்த்து, “என்னங்க, பைத்தியம் கியித்தியம் புடிச்சிடுச்சா?” என்றாள்.

“நீ கொஞ்சம் அந்தக் காலண்டர் பக்கத்துல போய் நில்லு” என்றேன். முணுமுணுத்துக்கொண்டே போய் என் இடது பக்கமாக நின்றாள். நான் எதிரேயிருந்த சுவிட்சைப் பார்த்தபடி இடது கண்ணைப் பொத்தினேன்.

காலண்டரும் இல்லை, அவளும் இல்லை. எங்கள் வீட்டுப் பச்சைச் சுவர் நீளமாகப் போய்க்கொண்டிருந்தது.

“நின்னுட்டேன். இப்ப என்ன?” என்றது சுவர், அவளுடைய குரலில்.

நான் அழுதுவிட்டேன். அவள் ஓடிவந்து என் தோளைப் பிடித்தபோதுதான் மறுபடி அவள் முகத்தைப் பார்த்தேன். பேயோ பிசாசோ இல்லை, கண்ணில்தான் ஏதோ என்று அவள்தான் சொன்னாள். மறுநாள் காலையில் வேலைக்குப் போகவிடாமல் கண் ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

அங்கே ஒரு இருட்டறையில், வெள்ளைக் கிண்ணம் மாதிரி இருந்த கருவிக்குள் முகத்தை வைக்கச் சொன்னார்கள். நடுவிலுள்ள புள்ளியைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், எங்கேயாவது சின்ன வெளிச்சம் மின்னினால் கையிலுள்ள பொத்தானை அழுத்த வேண்டும். எங்கள் குழுவின் சட்டமேதான். முதலில் இடது கண்ணை மூடிவிட்டார்கள். சில வெளிச்சங்கள் வந்தன, அழுத்தினேன். பிறகு எதுவும் வரவில்லை. வெகுநேரம் வரவில்லை. கருவி மட்டும் உள்ளே கிர்ரென்று எதையோ நகர்த்திக்கொண்டிருந்தது.

“ஏம்மா, மிஷின் நின்னுபோச்சா?” என்று கேட்டேன்.

“இல்ல சார், ஓடிக்கினுதான் கீது” என்றது கருவியை இயக்கிக்கொண்டிருந்த ஆஸ்பத்திரிப் பெண்ணின் குரல். “லைட்டு வந்துகினே கீது. நீங்க புள்ளிய பாருங்க.”

என் வாழ்க்கையில் கேட்டதிலேயே பயங்கரமான வார்த்தை அதுதான்.

கண்ணுக்குள் அழுத்தம் ஏறி, வலியே இல்லாமல் பார்வையைத் தின்றுகொண்டு வரும் நோய் என்றார் டாக்டர். பெரும்பாலும் மூக்கை ஒட்டிய பக்கத்தில்தான் தொடங்குமாம். வலது கண்ணுக்கு அது இடது ஓரம், இடது கண்ணுக்கு வலது ஓரம். போன இடத்தை மூளை சும்மா விடாது, பக்கத்தில் இருப்பதை எடுத்து ஒட்டிவிடும், இன்னொரு கண்ணும் ஈடுகட்டும், அதனால்தான் ஆளுக்கே தெரிவதில்லை என்றார். “போனது வராது. மிச்சத்தைக் காப்பாத்த சொட்டு மருந்து இருக்கு. இடது கண் இப்போதைக்கு நல்லா இருக்கு. அதை விட்டுடாதீங்க, உங்க பொழப்பே அதுலதான் இருக்கு.”

அடுத்த கூட்டத்தில் எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்குக் கோபம் தலைக்கேறியது. “இத்தனை மாசமா எல்லாருக்கும் அந்த ஆள் தெரிஞ்சிருக்கு. ஒருத்தருக்குக்கூட, இது யார்னு கேக்கத் தோணலையா?”

தலைவர் தலையைக் குனிந்துகொண்டார். “நல்லதை முதல்ல சொல்லணும்னு சட்டம். நல்லதாவே எடுத்துக்கிட்டோம்” என்றார். பிறகு தயங்கி, “நீங்க சொன்னீங்கன்னு நானும் ஒரு படத்துல இடது பக்கத்தை வெட்டினேன். சும்மா கிடக்கு, வெட்டுங்கன்னீங்க” என்றார்.

“அங்க என்ன இருந்தது?”

“எங்க வீட்டம்மா நின்னுக்கிட்டிருந்தாங்க. இன்னும் உங்க மேல கோவமாத்தான் இருக்காங்க.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் அன்றிரவு படுத்தபிறகு, நான் வெட்டச் சொன்ன ஓரங்களில் இன்னும் யார் யாரெல்லாம் நின்றார்களோ என்று நினைத்து எனக்குத் தூக்கம் வரவில்லை.

அந்தக் கூட்டத்திலேயே சட்டத்தையும் மாற்றியிருந்தோம். யாரும் கண்ணைப் பொத்த வேண்டாம். நல்லதும் வேண்டாம் கெட்டதும் வேண்டாம், முதலில் ஒருவர் எழுந்து படத்தில் என்னென்ன இருக்கிறது என்று இடமிருந்து வலமாகச் சொல்ல வேண்டும். அந்த வேலையை நெமிலிச்சேரிப் பெண்ணிடமே கொடுத்தோம். முகதாட்சண்யம் பார்க்காமல் சொல்வாள் என்று நான்தான் அவளைக் கைகாட்டினேன்.

வேளை தவறாமல் மருந்து விட்டுக்கொண்டேன். கேமராவை இடது கண்ணுக்கு மாற்றிக்கொண்டேன். பழக நாளாயிற்று, மூக்கு இடித்தது, விரல் தடுமாறியது. கொஞ்சம் கை வந்தபிறகு நெமிலிச்சேரி நிலையத்தில் ஒரு காலை முழுக்க நின்று சில படங்கள் எடுத்தேன். கேமராவை இறக்கியபோது இடது பக்கத்தில் யாரும் முளைக்கவில்லை. அந்த சந்தோஷத்தில் டீக்கடையில் இரண்டு வடை கூடுதலாகத் தின்றேன்.

கூட்டத்தில் கவரைப் பிரித்து மேசைமேல் வைத்தார்கள். பழைய பழக்கம் விடவில்லை, யாரும் கேட்காமலே வலது கண்ணைப் பொத்திக்கொண்டு இடது கண்ணால் நடுவில் பார்த்தேன். காலி நடைமேடை, சிமெண்ட் பெஞ்சு, தூரத்தில் வரும் ரயிலின் விளக்கு. இடது ஓரம் துடைத்து வைத்த மாதிரி இருந்தது.

“பார்த்தீங்களா, ஆளை விரட்டிட்டேன்” என்றேன்.

யாரும் சிரிக்கவில்லை. “வெளிச்சம் ரொம்ப நல்லா…” என்று ஆரம்பித்த தலைவர் பாதியில் நிறுத்திக்கொண்டார். பக்கத்து அறையிலும் பாட்டு நின்றிருந்தது. அந்தப் பெண் எழுந்தாள். நாற்காலி பின்னால் நகர்ந்த சத்தம் கேட்டது.

“சொல்லட்டா சார்?” என்றாள்.

“அதுக்குத்தானே உன்னை வெச்சிருக்கோம். சொல்லு.”

“லெஃப்ட்ல ஒண்ணும் இல்ல. நடுவுல பெஞ்சு கீது.” கொஞ்சம் நின்றாள். “ரைட்ல ஒருத்தரு நிக்கிறாரு சார். பாதி ஆளு.”

நான் கையை எடுக்கவில்லை. வலது பக்கத்தில் நடைமேடை நீண்டு போய்க்கொண்டிருந்தது. அதன்மேல் வெயில் சரியாக விழுந்திருந்தது.

“எந்தப் பக்கம் பாத்துக்கிட்டு நிக்கிறார்?” என்று கேட்டேன்.

“உங்களத்தான் சார்” என்றாள்.

கையை எடுத்தேன். இருந்தார்.