புதருக்குள் நின்ற குட்டிகள்

அன்று வேட்டைப்பரணில் நானும் சிவா அண்ணையும் இருந்தோம். பீலெஃபெல்ட் என்ற ஜெர்மன் நகருக்கு வெளியே அந்தக் காட்டை எங்களோடு கூட்டாகக் குத்தகைக்கு எடுத்திருந்த மார்ட்டின் வரவில்லை. காட்டுப்பன்றிகளை இழுக்க ஒரு கைப்பிடி சோளம் போதும் என்பார் அவர். நான் அவசரத்தில் ஒரு வாளி கொட்டியிருந்தேன்.

"பண்டிக்குக் கலியாண வீடோ தம்பி?" என்று அண்ணை சிரித்தார்.

பொழுது சாயும்போது பெரிய பன்றி ஒன்று தனியாக வந்தது.

"குட்டி ஏதும் நிக்குதோ? எனக்கு வடிவாத் தெரியேல்லை."

குட்டியுள்ள தாயைச் சுடக்கூடாது என்று வேட்டை உரிமப் பரீட்சைக்கு அண்ணைக்குச் சொல்லிக்கொடுத்தவனே நான்தான். எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவன். கொஞ்சம் பொறுத்துப் பார்த்திருக்கலாம்.

"ஒண்டுமில்லை அண்ணை, சுடுங்கோ," என்றேன்.

சத்தம் அடங்கிச் சிறிது நேரத்தில், புதருக்குள்ளிருந்து வரிபோட்ட குட்டிகள் ஒவ்வொன்றாக வந்து, விழுந்துகிடந்த பன்றியின் மடியில் மூக்கை நுழைத்தன.

"படிச்ச பிள்ளை எண்டு நம்பினன்," என்றார் அண்ணை.

பாலில்லாமல் தவிக்கக்கூடாது என்று மறுநாள் மார்ட்டின் குட்டிகளையும் சுட்டார். வேட்டை அதிகாரிகளின் விசாரணையில் அண்ணை, "சுட்டது நான்," என்று மட்டும் சொன்னார். பக்கத்திலிருந்த நான் வாய் திறக்கவில்லை.

என் ஒரு சொல்லுக்குப் போனவை: ஒரு தாய், ஆறு குட்டிகள், அண்ணையின் வேட்டை உரிமம். என்னுடைய உரிமம் இன்னும் என்னிடம் இருக்கிறது.