கெயின் திருகுக்குப் பக்கத்தில் ஒரு குங்குமப் பொட்டு

எங்கள் ஆர்கெஸ்ட்ராவில் நான் கிட்டார். பதினெட்டு வருசம். பகலில் பென்னாகரம் ரோட்டில் பஞ்சர் ஒட்டுகிறேன். கிட்டார் சத்தத்தைப் பெருக்குகிற ஆம்ப் என்னுடையது. ஒரே பொட்டி. அதில் தெளிந்த சத்தமும் வரும், கரகரப்பும் வரும். சத்தத்தை மாற்றக் காலால் மிதிக்கிற பெடல் எதுவும் என்னிடம் கிடையாது.

பெரிய வித்தை இல்லை. ஆம்பில் கெயின் என்று ஒரு திருகு உண்டு. சத்தம் உடைந்து கரகரக்க ஆரம்பிக்கிற இடம் வரை அதைத் திருப்பி விட்டுவிட வேண்டும். அப்புறம் தொடக் கூடாது. மீதி எல்லாம் கிட்டாரில் இருக்கிற வால்யூம் திருகுதான். நாலில் வைத்தால் தெளிவு. பத்தில் வைத்தால் உறுமும். இடையில் உள்ளதை விரல் பார்த்துக்கொள்ளும். இதை ஓனரிடம் எத்தனையோ தடவை சொல்லிவிட்டேன். பாட்டுப் பாடுகிறவரும் அவர்தான். தன் குரல் தவிர வேறு எதுவும் அவர் காதில் விழுந்ததில்லை.

ஆடி முடிந்து முதல் ப்ரோக்ராம் இண்டூரில். கல்யாண ரிசப்ஷன். அதற்கு ஓசூரிலிருந்து இன்னொரு கிட்டார்காரரைக் கூட்டி வந்தார் ஓனர். என் வயசுதான் இருக்கும். கையில் ஒரு பலகை. அதில் ஏழு பெடல், ஏழு விளக்கு. தேர் நிலையை விட்டுக் கிளம்பும்போது கூட்டம் வாயைப் பிளந்து நிற்குமே, அப்படி நின்றார் எங்கள் ஓனர்.

"ஒரே பொட்டியில ரெண்டு சத்தம் எப்படிங்க வரும்?" என்றார் என்னிடம். பதினெட்டு வருசம் அந்தப் பொட்டிக்கு முன்னால் நின்று பாடியவர். "இவருகிட்ட ஒவ்வொரு சத்தத்துக்கும் ஒரு லைட்டே இருக்குதுங்க. இன்னிக்கு ஆளுக்கு ஒரு பாட்டு வாசிங்க. நல்லா இருக்கறவரு இனிமே முன்னால நிக்கட்டும்."

"இன்னொருத்தரு?"

"அவரைப் பாத்துக்கலாங்க."

செத்துப்போன ட்யூபைக் கொண்டு வருகிறவர்களிடம் நானும் அப்படித்தான் சொல்வேன்.

சீசனின் முதல் மேடை என்றால் எல்லா வாத்தியத்துக்கும் பொட்டு வைப்பது வழக்கம். என் ஆம்பில் நம்பரெல்லாம் எப்போதோ அழிந்துவிட்டது. போன ஆயுத பூசைக்கு வைத்த பொட்டு, கெயின் திருகுக்குப் பக்கத்தில், சத்தம் உடைகிற இடத்துக்கு நேராக அமைந்துவிட்டது. திருகின் கோட்டைப் பொட்டுக்கு நேராக வைப்பேன், வேலை முடிந்தது. அதனால் அதை நான் துடைக்கவே இல்லை.

அன்றைக்கு நான் டீ குடிக்கப் போன நேரத்தில் ஓனர் ஈரத்துணியால் பழசைத் துடைத்துப் புதுசு வைத்துவிட்டார். நான் வந்து திருகைப் பொட்டுக்கு நேராகத் திருப்பினேன். கம்பியைத் தட்டிக்கூடப் பார்க்கவில்லை.

முதல் பாட்டு என்னுடையது. மெதுவாக ஆரம்பிக்கிற பாட்டு. முதல் வரியே மிக்ஸியில் கல் விழுந்த மாதிரி வந்தது. திரும்பிப் பார்த்தேன். பொட்டு ஒரு விரற்கடை தள்ளி இருந்தது. ஆம்ப் பின்னால், கை கிட்டாரில். வால்யூமை இரண்டுக்கு இறக்கினேன். கம்பி மீட்டுகிற பிக்கை வாயில் கவ்விக்கொண்டு கட்டை விரல் சதையால் மீட்டினேன். மூன்றாவது வரியில் தெளிந்தது. நடுவில் கிட்டார் தனியாக வருகிற பீஸுக்கு வால்யூம் பத்து. உறுமியது.

ஒருவரும் திரும்பவில்லை. பாதிப் பேர் பந்தியில், சாப்பிடுகிறவர்களின் நாற்காலியைப் பிடித்தபடி நின்றார்கள். மீதிப் பேர் போட்டோவுக்கு வரிசையில். நான் கெடுத்ததும் தெரியவில்லை, சரி செய்ததும் தெரியவில்லை. ஓனர் மைக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அடுத்து ஓசூர்க்காரர். என் ஆம்பிலேயே செருகினார். கெயினைத் தரையோடு இறக்கிவிட்டு விளக்கு விளக்காக மிதித்தார். தப்பு இல்லை. மெதுவாக மீட்டினாலும் ஓங்கி அடித்தாலும் ஒரே மாதிரி வந்தது, பிளாஸ்டிக் பூ மாதிரி. பிள்ளைகள் விளக்கைப் பார்க்க மேடைக்குக் கீழே ஓடி வந்தார்கள்.

ஓனருக்கு அது போதும். "பாத்தீங்களா, எப்படிக் கூட்டம் சேருது! இனிமே இவரே நிக்கட்டுங்க. தீர்த்தமலை ப்ரோக்ராமுக்குப் பொட்டிய மட்டும் குடுத்து வுடுங்க."

ஓசூர்க்காரர் என் பக்கம் வந்தார். "மொதல் ரெண்டு வரி கரகரன்னு இருந்துச்சு. அப்புறம் எப்படிங்க தெளிஞ்சுது?"

"கட்டை விரலுங்க."

அவர் தன் கட்டை விரலைப் பார்த்துக்கொண்டார். அந்த மண்டபத்தில் காது இருந்த ஒரே ஆள், என் இடத்துக்கு வந்தவர். எனக்கே அன்றைக்குக் காது இல்லை. குங்குமத்தை நம்பினேன்.

ஓனரிடம் சொன்னேன். "ரெண்டு சத்தம் வராத பொட்டி உங்களுக்கு எதுக்குங்க?"

"அட, கோவிச்சுக்கிட்டீங்களா?"

ஆர்கெஸ்ட்ரா கோட்டைக் கழற்றி, அதன் ஜிகினாக் கையாலேயே பொட்டை அழுத்தித் துடைத்தேன். கோட்டை அவர் நாற்காலியில் மடித்து வைத்துவிட்டு, பொட்டியை வண்டியில் கட்டினேன்.