கல் இடுக்கில் பச்சைக் கூடு

எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். அஞ்சாவதோடு நின்றவள் நான். இப்போது மறதியும் சேர்ந்துவிட்டது.

இரண்டு வருஷம் முன்னால், மழை ஓய்கிற சமயம். ஏற்காடு பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு லாட்ஜில் எனக்குப் பெருக்கித் துடைக்கிற வேலை. மஞ்சக்குட்டையிலிருந்து முதல் பஸ்ஸில் வந்துவிடுவேன். லாட்ஜுக்குப் பின்னால் பெரிய கல் சுவர். ஒவ்வொரு மழைக்கும் கல் இடுக்கில் என்னென்னவோ முளைக்கும். பாய்லரில் மிஞ்சும் கொதிநீரை வாளியில் பிடித்து அதன்மேல் ஊற்றுவேன். கருகியதும் சுரண்டிவிட்டால் சுவர் பளிச்சென்று ஆகும். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட.

அன்றும் வாளியைத் தூக்கிவிட்டேன். சிவப்பும் மஞ்சளுமாகப் பூத்த ஒரு செடி. ஒடித்தால் பால் வடியும், மாடுகூட வாய் வைக்காது. அதன் இலைக்கு அடியில் ஏதோ மினுங்கியது. ரூமில் தங்கியவர்கள் யாரோ கம்மலைத் தொலைத்துவிட்டார்கள் என்று கை நீட்டினேன். கம்மல் இல்லை. சுண்டைக்காயைவிடக் கொஞ்சம் நீளமாக ஒரு பச்சைக் கூடு, தங்கத்தில் பொட்டு வைத்த மாதிரிப் புள்ளிகளோடு. குனிந்து பார்த்தால் அந்த ஒரு செடியிலேயே ஏழு கூடு. வரிவரியாய்ப் புழுக்கள் வேறு. பக்கத்து இடுக்கில் பெரணி, அதன் நிழலில் ஊதாப் பூ, பூவுக்குள் எள்ளளவு ஈ. இத்தனை பேர் குடியிருக்கிற இடத்திலா நான் வருஷா வருஷம் கொதிநீர் ஊற்றினேன்! வாளியைக் கீழே வைத்துவிட்டேன்.

மேனேஜர் வந்தார். சேலத்துக்காரர், என் மகன் வயசு.

"ஏனுங்க ஆயா, செவுத்தையே பாத்துட்டு நிக்கறீங்க? நாளைக்குப் பெயிண்டர் வர்றாருங்க."

எதிர்த்துப் பேசிப் பழக்கமில்லை எனக்கு. வேலை போனால் இந்த வயசில் யார் தருவார்கள்? ஆனாலும் வாயில் வந்துவிட்டது. "ஒரு வாரம் விட்டுருங்க சாமி. உள்ள உசுரு இருக்குதுங்க."

"அதுகளுக்கும் ரூம் போட்டுக் குடுத்துட்டீங்களாக்கும்?" என்று சிரித்துக்கொண்டே குனிந்தார்.

ஒரு கூடு மட்டும் கண்ணாடி மாதிரித் தெளிந்து, உள்ளே ஆரஞ்சு இறக்கை மடங்கித் தெரிந்தது. பார்க்கப் பார்க்க அது பிளந்தது. ஈரத்துணி போலக் கசங்கிய இறக்கை கொஞ்சம் கொஞ்சமாக விரிந்தது.

"ஆயா, சத்தம் போடாதீங்க" என்றார், மூச்சுக்கூட விடாமல் நின்ற என்னிடம். முன்பக்க ஆபீஸில் போன் அடித்துக்கொண்டே இருந்தது. அவர் எழவில்லை. பட்டாம்பூச்சி பறந்த பிறகுதான் போய், பெயிண்டருக்குப் போன் போட்டு "பின் செவுரு வேண்டாங்க" என்றார்.

யாரும் விதைக்காமல், யாரும் தண்ணீர் விடாமல் அத்தனை உயிர் வாழ்கிற அந்தச் சுவரைத் தாண்டும்போதெல்லாம், பெரிய மனுஷர் வீட்டு வாசலில் நிற்கிற மாதிரி இன்றும் உடம்பு தானாக ஒதுங்குகிறது.

அந்தச் செடியின் பெயர் எனக்குத் தெரியாது. ஒரு வாரம் என்று நான் கேட்டது சரியா என்பதும் தெரியாது. தெரிந்தவர்கள் யாராவது பார்த்துத் திருத்திப் போடுங்கள்.