கோட்டையில் எடுத்த படம்

உப்புக் காற்றில் நெடுங்காலம் ஊறிய சிமெண்டுக்கு ஒரு வாடை உண்டு. ஈரச் சாக்கும் துருவும் யாரோ ஒதுங்கிவிட்டுப் போன மூத்திரமும் சேர்ந்த வாடை. அது மூக்கில் ஏறினால் இன்றைக்கும் எனக்கு ஒரு கோட்டைதான் ஞாபகத்துக்கு வரும். டெக்சாஸில் கால்வெஸ்டன் தீவிலிருந்து காரோடு ஃபெர்ரியில் ஏறி அக்கரை இறங்கினால் பொலிவர் என்று ஒரு முனை. ஒரு காலத்தில் துறைமுகமாம், இப்போது தூண்மேல் நிற்கும் மர வீடுகளும் கடற்காகங்களும்தான் மிச்சம். அங்கே கடலைப் பார்த்தபடி, மண்மேட்டுக்குள் பாதி புதைந்து கிடக்கிறது ஒரு ராணுவக் கோட்டை. நம் ஊர்க் கோட்டையைப்போல மதிலையும் அகழியையும் தேடாதீர்கள். பீரங்கி நின்ற வட்ட மேடைகள், அவற்றுக்கு அடியில் வெடிமருந்து வைத்த இருட்டறைகள், அவ்வளவுதான். பீரங்கிகளை எப்போதோ கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.

எனக்கு அப்போது பதினொரு வயது. நாங்கள் பிளானோவில் இருந்தோம்; அப்பா, அம்மா, நான், மூன்றே பேர். பள்ளி லீவு விட்ட முதல் லாங் வீக்கெண்டில் கோட்டை பார்க்கப் போவதென்று ஒரு மாதமாகவே பேச்சு. வழியில் சாப்பிட அம்மா முந்தின நாளே புளிசாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் செய்து அடுக்கிவிட்டாள். காலை ஐந்து மணிக்குக் கிளம்பவேண்டும். நான் போர்வையைச் சுற்றிக்கொண்டு கராஜில் நின்ற காரின் பின்சீட்டில் போய்ப் படுத்துக்கொண்டேன். அப்பா டிக்கியில் சாமான் ஏற்றிக்கொண்டிருந்தபோது அவர் போன் அடித்தது. நான் தூங்குகிறேன் என்று நினைத்துத்தான் பேசியிருப்பார்.

பேசியது என் மாமா, அம்மாவின் தம்பி, கோபிசெட்டிபாளையத்திலிருந்து. அப்புச்சி போய்விட்டார். அம்மாவின் அப்பாவை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். மத்தியானச் சாப்பாடு முடிந்து கட்டிலில் சாய்ந்தவர் எழுந்திருக்கவில்லையாம். அக்கா வருவாள் என்றால் ஐஸ் பெட்டியில் இரண்டு நாள் வைத்திருக்கிறோம் என்று மாமா கேட்டிருக்க வேண்டும். அப்பா பதில் சொன்னதை வைத்துச் சொல்கிறேன். "வேண்டாம் மாப்ள, உங்கக்கா வர முடியாது. விசா ஸ்டாம்ப் முடிஞ்சு போச்சு. வந்தா மெட்ராஸ் கான்சுலேட்ல புதுசா விசா ஸ்டாம்பிங் ஆகித்தான் திரும்பணும், அதுல மாட்டிக்கிட்டா நாங்க என்ன பண்றது? நீங்க காலைலயே எடுத்துருங்க. நான் பக்குவமா சொல்லிக்கறேன். நம்ம வாட்ஸப் க்ரூப்புல மட்டும் யாரும் எதும் போட வேண்டாம்."

அவருடைய ஆபீஸ் நண்பர் ஒருவரின் மனைவி, தன் தங்கை கல்யாணத்துக்கு ஊருக்குப் போய், ஸ்டாம்பிங் கிடைக்காமல் நாலு மாதம் அங்கேயே உட்கார்ந்திருந்த கதை எங்கள் வீட்டில் வாரம் ஒருமுறையாவது பேசப்படும். கிரீன் கார்டுக்காகக் காத்திருந்த எல்லா வீட்டிலும் அப்படி ஒரு கதை இருந்தது. குழந்தைகளுக்குப் பூச்சாண்டி என்றால் எங்கள் அப்பாக்களுக்கு ஸ்டாம்பிங்.

போனை வைத்துவிட்டுத் திரும்பியவர், நான் எழுந்து உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார். பிறகு கதவைத் திறந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, அம்மாவிடம் சொல்லக்கூடாது என்றார். சொன்னால் அம்மா இன்றைக்கே ஊருக்குக் கிளம்பிவிடுவாள், அப்புறம் திரும்பி வர விடமாட்டார்கள் என்றார். பதினொரு வயசுப் பெண்ணிடம் அதற்குமேல் என்ன சொல்லவேண்டும்? நான் தலையாட்டினேன். செத்துப்போன அப்புச்சியைப் பற்றி நான் நினைக்கவேயில்லை, அம்மா போய்விடுவாள் என்ற ஒன்றுதான் மண்டைக்குள் ஓடியது.

கோட்டைப் பயணத்தை அப்பா ஏன் நிறுத்தவில்லை என்பது வளர்ந்த பிறகுதான் புரிந்தது. சனிக்கிழமை காலை ஒன்பது மணியானால் அம்மா அப்புச்சிக்குப் போன் போடுவாள். ஊரில் அப்போது ராத்திரி ஏழரை, அவர் சாப்பிட உட்காரும் நேரம். வீட்டில் இருந்தால் அதைத் தடுக்க முடியாது. காரில் போனால் தடுக்கலாம். ஒன்பது மணிக்கு அம்மா போனைக் கையில் எடுத்ததும் அப்பா, சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல், தான் விடியற்காலையிலேயே பேசிவிட்டதாகவும், மாமனார் ஏதோ கல்யாண விருந்துக்குப் போயிருப்பதாகவும் சொன்னார்.

அம்மாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. முட்டி வலியில் மாசக்கணக்காக வாசல் தாண்டாத மனுஷன் விருந்துக்குப் போயிருக்கிறாரே என்று அதையே பத்துத் தடவை சொன்னாள். சித்த வைத்தியரின் தைலத்தைப் புகழ்ந்தாள். பொய் சொல்வதிலும் ஒரு நாகரிகம் வேண்டாமா? சும்மா தூங்குகிறார் என்று சொல்லியிருந்தால் போதாதா? இதற்காக என் அப்பாவை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

ஃபெர்ரியில் அம்மாவின் போன் என் கைக்கு வந்தது. படம் எடுக்கச் சொல்லிக் கொடுத்தவர் அப்பா. "பெரியம்மா, மாமா யார் கூப்பிட்டாலும் கட் பண்ணிடு" என்று காதில் சொன்னவரும் அவரே. பெரியம்மா மூன்று தடவை கூப்பிட்டாள். மூன்று தடவையும் நான் கட் செய்தேன்.

கோட்டைக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது உச்சிவெயில். அப்பா ஒவ்வொரு தகவல் பலகையாக நின்று படித்துக்கொண்டே போனார். அம்மா பீரங்கி மேடைமேல் ஏறி நின்றாள். கடற்காற்றில் துப்பட்டா பறக்க, இரண்டு கையையும் விரித்துக்கொண்டு, வாயைத் திறந்து சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்தது அதுதான் கடைசி. படம் எடுத்தேன். இறங்கி வந்து பார்த்தவளுக்குப் பிடித்துப்போயிற்று.

"இத நம்ம க்ரூப்புல போடு கண்ணு. அப்புச்சி விடிஞ்சதும் பாக்கட்டும்" என்றாள்.

நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் காதிலும் விழுந்தது. அவர் திரும்பிப் பலகையைப் படிக்க ஆரம்பித்தார், ஏற்கெனவே படித்து முடித்த பலகையை. என்ன செய்வதென்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. நான் அனுப்பினேன். அம்மா சொல்லச் சொல்ல, அடியில் "அப்பா, நான் எப்படி இருக்கேன்?" என்று தமிழில் டைப் அடித்ததும் நான்தான். எனக்குத் தமிழ் எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுத்தவள் அம்மா.

அங்கே அப்போது ராத்திரி பத்தரை. ஐஸ் பெட்டியைச் சுற்றி சொந்தமெல்லாம் உட்கார்ந்திருந்த வீட்டில் ஒவ்வொருவர் கையிலும் அந்தப் படம் போய் விழுந்திருக்கும்.

புளிசாதம் சாப்பிட்டு முடித்ததும் அம்மா போனைக் கேட்டு வாங்கினாள், யார் என்ன சொல்லியிருக்கிறார்கள் என்று பார்க்க. யாரும் எதுவும் சொல்லவில்லை, ஒருவரைத் தவிர. க்ரூப்பில் போடக்கூடாது என்பது தெரியாத, அம்மாவின் தூரத்து அத்தை ஒருத்தி, அம்மாவின் சிரிப்புக்குக் கீழே, விளக்குப் படம் ஒன்றைப் போட்டு, "ஓம் சாந்தி. அண்ணன் ஆத்மா சாந்தியடையட்டும்" என்று எழுதியிருந்தாள்.

அம்மா அதை இரண்டு முறை படித்தாள். அப்பாவை நிமிர்ந்து பார்த்தாள். அவர் முகத்தைப் பார்த்ததே போதுமாயிருந்தது. அவள் அழவில்லை, மாமாவுக்கு வீடியோ கால் போட்டாள். அவர் எடுத்து, போனைப் பெட்டிமேல் பிடித்தார்.

வெயிலில் திரையில் ஒன்றுமே தெரியவில்லை. வெறும் கறுப்பு. அம்மா போனைத் தூக்கிக்கொண்டு வெடிமருந்து அறைக்குள் ஓடினாள். அங்கே நல்ல இருட்டு. ஆனால் குண்டு விழுந்தாலும் தாங்கட்டும் என்று கட்டிய சுவரைத் தாண்டி சிக்னல் வரவில்லை. வெளியே வந்தாள், குரல் கேட்டது, முகம் தெரியவில்லை. மறுபடி உள்ளே போனாள், எல்லாம் நின்றுவிட்டது. இப்படி மூன்று நான்கு தடவை அந்த வாசலில் உள்ளுக்கும் வெளிக்குமாக அலைந்தாள். நிழல் பிடிக்கப்போன அப்பாவின் கையைத் தட்டிவிட்டாள். கடைசியில் நான் போய்த் துப்பட்டாவை எடுத்து அவள் தலையையும் போனையும் சேர்த்து மூடி, நானும் உள்ளே நின்றுகொண்டேன்.

"அக்கா, தெரியுதா?" என்றார் மாமா.

"தெரியுதுடா" என்றாள் அம்மா.

நான் பக்கத்தில்தான் நின்றேன். மெல்லிய துப்பட்டா, வெயில் அப்படியே உள்ளே இறங்கியது. திரையில் கண்ணாடிபோலத் தெரிந்தது எங்கள் இரண்டு பேர் முகம் மட்டும்தான்.

கொஞ்ச நேரம் கழித்து மாமா, "கோட்டையெல்லாம் சுத்திப் பாத்துட்டியாக்கா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார். காலையிலேயே அப்பா சொல்லியிருப்பார் என்று அவர் நினைத்திருக்க வேண்டும். அதற்குப் பிறகு அவர் அம்மாவிடம் பேசவில்லை. அப்பன் செத்த அன்றைக்கு மகள் கோட்டையில் நின்று போட்டோவுக்குச் சிரித்தாள் என்று சொந்தத்தில் இன்றைக்கும் சொல்கிறார்களாம். கணவர் மறைத்துவிட்டார் என்று அம்மா சொன்னதை யாரும் நம்பவில்லை. படத்தை அனுப்பியது பெண்தானே, அவளுக்குமா தெரியாது என்று பெரியம்மா ஒருமுறை கேட்டபோது அம்மாவுக்கு வந்த கோபத்தைப் பார்க்கவேண்டும். "அவ கொழந்த, அவளுக்கு என்ன தெரியும்?" என்று கத்தினாள். நான் அடுத்த அறையில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

போன வருஷம் கிரீன் கார்டு வந்தது. அன்றைக்குத் தான் அப்படிச் செய்யாவிட்டால் இன்றைக்கு இதெல்லாம் ஏது என்று அப்பா வீட்டைச் சுற்றிக் கையைக் காட்டினார். இப்போது அம்மா எப்போது வேண்டுமானாலும் ஊருக்குப் போய்வரலாம், போவதற்குத்தான் ஒன்றுமில்லை. அப்புச்சி வீட்டை மாமா விற்றுவிட்டார். அந்த க்ரூப்பும் இல்லை. ஒவ்வொருவராக வெளியேறி வேறொன்று ஆரம்பித்துக்கொண்டார்கள், அம்மாவைச் சேர்க்காமல்.

இந்தக் கோடையில் அம்மா தானாகவே, பொலிவருக்கு ஒருமுறை போய்வரலாம் என்றாள். அப்பாவைக் கூப்பிடவில்லை. நான் ஓட்டிக்கொண்டு போனேன். நாங்கள் போனபோது தகவல் பலகைகள் வெயிலில் வெளுத்து எழுத்தே போய்விட்டிருந்தன. வெடிமருந்து அறைகளுக்கு இரும்புக் கம்பிக் கதவு போட்டுப் பூட்டிவிட்டார்கள். அம்மா கம்பியைப் பிடித்துக்கொண்டு உள்ளே பார்த்தபடி வெகுநேரம் நின்றாள். இத்தனை வருஷம் விழுங்கி வைத்திருந்ததை அதற்குமேல் என்னால் தாங்க முடியவில்லை. கராஜில் கேட்டதை, கட் செய்த போன்களை, தெரிந்தேதான் படத்தை அனுப்பினேன் என்பதை, எல்லாவற்றையும் சொன்னேன். அவள் என்னைக் கட்டிக்கொள்வாள், "கொழந்ததானே" என்பாள் என்று நான் எதிர்பார்த்ததை மறைக்கமாட்டேன்.

அம்மா கம்பியிலிருந்து கையை எடுத்து, உள்ளங்கையில் ஒட்டிய துருவைத் தட்டினாள்.

"உங்கப்பா மறைச்சாரு, எந்தம்பி மறைச்சான். நீ ஒருத்தி மறைக்கலைனுதான் இத்தன வருஷம் அந்த வீட்ல இருந்தேன்" என்றாள். பிறகு, "வா, ஃபெர்ரிக்கு லைன் நீண்டுரும்" என்று முன்னால் நடந்தாள்.